ஈரல் கல்லாகுமுன்

பெரியப்பாவின் சேட்டுப் பொக்கற்றுக்குள் எப்போதும் இரண்டு கடதாசிகள் மடித்தபடி கிடக்கும். ஒன்று உரத்துக்குப் பதிந்த துண்டு. மற்றது கிளினிக் துண்டு. போன காலபோகம் வெட்டி, நெல்லும் ஏற்றி முடிந்த கையோடு மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. வலது விலாவுக்குக் கீழே ஏதோ பாரமாகக் கிடக்கிறதென்று ஸ்கான் எடுக்கப் போயிருந்தார். பித்தப்பையில் கல் இல்லை, சிறுநீரகம் இரண்டும் சுகம் என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் 'ஃபற்றி லிவர், கிரேட் 2' என்று போட்டிருந்தார்கள். எழுதியவர் விளக்கவில்லை. வாங்கியவரும் கேட்கவில்லை. வெளியில் இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்களாம்.

கிளிநொச்சியில் இரணைமடுச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் வைத்து அந்தத் துண்டை என்னிடம் நீட்டினார்.

"மோனை, கள்ளு இளந்தாரிக் காலத்தில குடிச்சதுதான். சாராயம் தொட்டதே இல்லை. பிறகெப்பிடி எனக்கு ஈரல் வருத்தம்?"

நான் வாசித்துக்கொண்டிருக்கவே அடுத்த கேள்வி வந்தது.

"கிரேட் 2 எண்டு கிடக்கு. எத்தினையில ரண்டு?"

"மூண்டில ரண்டு, பெரியப்பா."

"அப்ப பாதிக்கு மேலை போட்டுது."

அந்தக் கணக்குப் பிழை. ஆனால் அவர் மட்டும் விடும் பிழையல்ல. ஸ்கான் துண்டோடு வீடு திரும்புகிறவர்களில் அனேகமானோர் கிரேட் என்பதை நோய் ஏறிவரும் படிக்கட்டாகத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அது திரையில் ஈரல் எவ்வளவு வெள்ளையாகத் தெரிந்தது என்பதற்குப் போட்ட புள்ளி.

வயிற்றை ஸ்கான் பண்ணும்போது ஈரலும் வலது சிறுநீரகமும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். சுகமான உடம்பில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். ஈரலின் கலங்களுக்குள் கொழுப்புத் துளிகள் சேரச் சேர அது வெளுக்கும். லேசாக வெளுத்தால் 1. உள்ளே ஓடும் நாளங்களின் கரை மங்கினால் 2. ஈரலின் பின்பக்கமே மறைந்துபோனால் 3. பார்ப்பவரின் கண்தான் இங்கே அளவுகோல். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான கலங்களில் கொழுப்பு இருந்தால் அந்தக் கண்ணுக்கு அது பெரும்பாலும் தப்பிவிடும். ஆக, துண்டு சொல்வது கொழுப்பைப் பற்றி மட்டும். ஆளைக் கொண்டுபோவது தழும்பு. தழும்பைப் பற்றி அந்தத் துண்டில் ஒரு எழுத்தும் இல்லை.

குளமும் ஈரலும்

இரணைமடுக்காரருக்கு ஈரலை விளங்கப்படுத்த வேறெங்கும் போகத் தேவையில்லை. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடித்த குளம் இது. வடமாகாணத்தில் இதைவிடப் பெரிய குளம் கிடையாது. மழைநீர் ஒரு பக்கத்தால் வந்து சேருகிறது. துருசு வழியே வாய்க்கால்களில் இறங்கி இருபதினாயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. ஈரலும் அப்படித்தான். ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்புக்குள் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் இரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு குடலில் இருந்து வருவது. சாப்பிட்ட சோறும் சீனியும் மருந்தும் முதலில் வந்து இறங்கும் துறை அது.

கொழுப்புச் சேர்ந்த ஈரலில் சிலருக்கு அழற்சி உண்டாகும். அழற்சி வந்த இடம் ஆறும்போது நார் படியும். வயலில் அறுவாள் வெட்டிய கை ஆறித் தழும்பாவது போலத்தான். ஆண்டுக்கணக்கில் தழும்புக்கு மேல் தழும்பு விழுந்தால் ஈரலுக்குள் ஓடும் இரத்த வாய்க்கால்களெல்லாம் நெருக்குப்படும். தண்ணீர் போக வழியில்லாவிட்டால் என்ன செய்யும்? மேட்டுப் பக்கம் திரும்பும். ஈரலுக்கு வர வேண்டிய இரத்தம் பின்வாங்கி மண்ணீரலை வீங்க வைக்கும்; உணவுக்குழாயின் மெல்லிய நாளங்களைப் புடைக்க வைக்கும்; கடைசியில் வயிற்றுக்குள் நீராகக் கசியும். 2018 டிசெம்பரில் புனரமைத்த குளத்தைத் திறந்து இரண்டு கிழமையளவில் மழை கொட்டி, வான்கதவுகள் திறந்து, கீழே ஊர்கள் வெள்ளத்தில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, இரத்தமாகச் சத்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்படும் ஈரல் நோயாளியின் உடம்பில் நடப்பது என்னவென்று சொல்லத் தேவையில்லை.

ஒரேயொரு வித்தியாசம். குளம் நிறைவது கண்ணுக்குத் தெரியும். அடி அளவு பார்த்து அறிவிக்க ஆள் உண்டு. ஈரலுக்குள் வலியறியும் நரம்புகள் கிடையாது. அதைச் சுற்றிய உறை இழுபட்டால் மட்டும் ஒரு பாரம் தெரியும். பயத்தில் ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோம். நோயில் அது நடுங்குவதேயில்லை. பெயரில் கல்லை வைத்திருக்கும் கல்லீரல், சுகமாக இருக்கும்வரை மெத்தென்றிருக்கிறது. கல்லாகிற காலத்தில் சத்தமே போடாமல் கல்லாகிறது.

எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் கொழுப்பு கொழுப்பாகவே கிடந்துவிடும். அவர்களுடைய உயிருக்கு முதல் ஆபத்து ஈரலில் இருந்து வருவதுமில்லை. இதயத்தில் இருந்து வருகிறது. தழும்பாகும் அந்தச் சிறு பகுதியினர் யார் என்று பொறுக்கி எடுப்பதுதான் முழு வித்தையும்.

பீப்பாவைத் தட்டியவரின் மகன்

முன்பு அப்படிப் பொறுக்கி எடுக்க ஊசி ஒன்றுதான் வழி. விலா எலும்புகளுக்கு இடையால் ஊசியை இறக்கி, நூல்போல ஒரு துண்டுச் சதையை எடுத்து, கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். ஈரலில் ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்குதான் அந்தத் துண்டு. தழும்பு இல்லாத இடத்தில் ஊசி இறங்கினால் சுகம் என்று எழுதிவிடுவார்கள். இரத்தக் கசிவு அபூர்வமென்றாலும் உண்டு. பத்தாயிரத்தில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்றைக்கும் சில சிக்கலான நோயாளிகளுக்கு அந்த ஊசி தேவைதான். ஆனால் ஊரில் மூன்றிலொருவருக்கு இருக்கக்கூடிய ஒன்றைத் தேடிப் பிடிக்க எல்லாருக்கும் ஊசி போட முடியாது.

வெட்டாமல் உள்ளே பார்க்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. பலாப்பழம் வாங்குகிறவர் விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறார். வத்தகப்பழத்தையும் அப்படித்தான். 18ஆம் நூற்றாண்டில் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்துச் சத்திரக்காரர் ஒருவர் வைன் பீப்பாவைத் தட்டி எதுவரை நிரம்பியிருக்கிறதென்று கண்டுபிடிப்பார். அவருடைய மகன் லியோபோல்ட் ஔஎன்புருகர் மருத்துவரானபோது நோயாளியின் நெஞ்சைத் தட்டினார். 1761இல் அதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். டொக்டர் இடது கை விரலை முதுகில் வைத்து வலது கை விரலால் 'டக் டக்' என்று தட்டுவது அவர் தொடங்கிய தட்டலின் வழிவந்தது.

பாரிசில் மத்தியாஸ் ஃபிங்க் என்ற பௌதிகவியலாளரின் ஆய்வுகூடத்தில் அதே தட்டல் வேறு உருவம் எடுத்தது. அங்கே ஆராய்ந்த லோரன் சாந்திரன் 2001இல் உருவான எக்கோசென்ஸ் கம்பனியின் ஸ்தாபகர்களில் ஒருவர். அவர்களுடைய 'ஃபைப்ரோஸ்கான்' மெசின் 2003இல் ஐரோப்பாவில் சந்தைக்கு வந்தது. அமெரிக்கா அனுமதி கொடுக்க 2013 ஆயிற்று.

மெசினின் முனை ஒரு தடித்த பேனை மாதிரி. ஆள் மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்க வேண்டும். விலா எலும்புகள் விரிந்து இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் முனையை வைத்து ஒரு தட்டு. சின்னப் பிள்ளை விரலால் சுண்டியதுபோல இருக்கும், அவ்வளவுதான். அந்தத் தட்டலால் ஒரு அதிர்வலை தோலில் இருந்து ஈரலுக்குள் ஓடும். பின்னாலேயே காதுக்கு எட்டாத ஒலி அலைகளை விட்டு அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று மெசின் அளக்கும். மெத்தென்ற ஈரலில் நொடிக்கு ஒரு மீற்றரை ஒட்டிய வேகம். இறுகிய ஈரலில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. உழுத வயலில் நடப்பதற்கும் கிரவல் ரோட்டில் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம். பத்துத் தரம் தட்டி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்து, கிலோபஸ்கால் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு தட்டலில் அளக்கப்படுவது ஒரு சென்ரிமீற்றர் அகலமும் நான்கு சென்ரிமீற்றர் நீளமுமான பகுதி; ஊசித் துண்டைவிட நூறு மடங்கு பெரிது. ஒலி அலை கொழுப்பில் எவ்வளவு தேய்கிறது என்பதையும் கூடவே அளந்து கொழுப்பின் அளவை வேறொரு எண்ணாகத் தரும். கண்ணால் போட்ட கிரேட்டுக்குப் பதில் இங்கே இலக்கம் கிடைக்கிறது.

கொழுப்பு ஈரல் உள்ளவருக்கு 8 கிலோபஸ்காலுக்குக் கீழே என்றால் பாரதூரமான தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 10க்கு மேல் கவனம். 15ஐத் தாண்டினால் ஈரல் நன்றாக இறுகிவிட்டது என்றே வைத்துக்கொண்டு மேற்கொண்டு பார்ப்பார்கள். மெசின் காட்டக்கூடிய உச்சம் 75.

மெசினையும் ஏமாற்றலாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனால் ஈரலுக்கு இரத்தம் கூடி எண் ஏறும். அதனால் மூன்று மணித்தியாலமாவது வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். செங்கமாரி வந்திருக்கும் நேரத்திலும், இதயம் பலவீனமாகி ஈரலில் இரத்தம் தேங்கும்போதும் எண் பொய் சொல்லும். வயிற்றில் நீர் கோத்துவிட்டவருக்கு இந்த மெசின் உதவாது. காரணம் விசித்திரமானது: இந்த வகை அலை தண்ணீருக்குள் ஓடாது. குளக்கட்டில் நின்று கல்லெறிந்தால் மேலே வட்டம் வட்டமாகப் போவது வேறு அலை. பக்கவாட்டில் உதறும் அலைக்குத் திடப்பொருள் வேண்டும். அந்தக் கட்டத்தில் மெசினுக்குச் சொல்லவும் ஒன்றுமில்லை, வயிற்றைப் பார்த்தாலே தெரியும்.

சாதாரண ஸ்கான் மெசின்களுக்குள்ளேயே இப்படி அதிர்வலை அளக்கும் வசதி இப்போது வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. வழியாகவும் அளக்கலாம், திருத்தம் கூட, செலவும் கூட.

வடக்கு இல்லாத கணக்கு

கொழும்புக்கு வடக்கே றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2007இல் 35க்கும் 64க்கும் இடைப்பட்ட 2,985 பேரை ஸ்கான் பண்ணினார்கள். 32.6 வீதத்தினருக்கு, அதாவது மூன்றிலொருவருக்கு, குடிக்காமலே கொழுப்பு ஈரல். ஏழு வருடம் கழித்து அதே ஆட்களைக் கூப்பிட்டுப் பார்த்தபோது அறுபது வீதத்தைத் தாண்டியிருந்தது. சென்னையில் டொக்டர் வி. மோகனின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்விலும் நகரத்தாரில் 32 வீதம். சலரோகக்காரரை மட்டும் எடுத்தால் பாதிக்கு மேல். "அது ரவுண் ஆக்கள், உடம்பு வளையாதவை" என்று சொல்லித் தப்ப முடியாது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நாள் முழுக்க ஏறி இறங்கிக் கொழுந்தெடுக்கிறவர்களைப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்விலும் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு இருந்தது.

எங்கள் வன்னி இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது? இலங்கையில் எத்தனை பேருக்குச் சலரோகம் என்று எண்ண 2005–2006இல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஐயாயிரம் பேர், ஒன்பது மாகாணங்களில் ஏழு. விடுபட்ட இரண்டும் வடக்கும் கிழக்கும். யுத்தம். ஐந்திலொருவருக்குச் சலரோகமோ அதன் முன்னிலையோ உண்டு என்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் அந்த முடிவில் கிளிநொச்சியில் இருந்து ஒரு சொட்டு இரத்தமும் இல்லை. ஒரு தலைமுறையின் அடிப்படைக் கணக்கு எழுதப்பட்டபோது நாங்கள் எண்ணப்படாதவர்கள்.

எண்ணப்படாததாலேயே எங்களுக்கு இல்லை என்றாகாது. 1930களில் குடாநாட்டில் இருந்து ஆட்களைக் கொண்டுவந்து காடு வெட்டிக் குடியேற்றிய மண் இது. மண்வெட்டியும் மாடும் மிதிப்புமாக இருந்த வேலையை இன்றைக்கு லாண்ட்மாஸ்டரும் அறுவடை மெசினும் செய்கின்றன. நாலு ஏக்கர் வெட்டும் நாளில் கமக்காரர் வரம்பில் குடை பிடித்து நிற்கிறார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முதுகு முறிந்த தலைமுறைக்கு மெசின் ஒரு வரம். ஆனால் கோப்பையில் விழும் சோறு மண்வெட்டிக் காலத்து அளவிலேயே நிற்கிறது. காலையில் பாண், மத்தியானம் சோறு, இரவு புட்டு அல்லது இடியப்பம். இடையில் சீனி போட்ட பிளேன்ரீ ஆறு தரம், வெயிலுக்கு ஒரு சோடா. சோடாப் போத்தலில் சீனியின் அளவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போட வேண்டுமென்று 2016இல் சட்டம் வந்தது. சந்திக் கடையில் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்து ஒருவர் போத்தலைத் திருப்பி வைத்ததை நான் இன்னும் காணவில்லை.

மெலிந்த ஆளுக்கு வராது என்பது அடுத்த நம்பிக்கை. மேற்கு வங்காளத்தின் கிராமங்களில் 1,911 பேரைப் பார்த்து 2010இல் வெளியான ஆய்வில், கொழுப்பு ஈரல் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் உடல் நிறைக் கணக்கில் பருமன் இல்லாதவர்கள். தெற்காசிய உடம்பு கொழுப்பைக் கையிலும் தொடையிலும் வைக்காமல் வயிற்றுக்குள் பதுக்கும். அதனால்தான் இடுப்புச் சுற்றளவில் எங்கள் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்று எல்லையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். சாரத்தைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவருக்குத் தன் இடுப்பளவு தெரியாது.

இன்னொன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1944–45 குளிர்காலத்தில் ஜேர்மன் முற்றுகையால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்போது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகள் ஐம்பது வயதானபோது, அவர்களுடைய உடம்பு சீனியைக் கையாள்வதில் மற்றவர்களைவிடத் தடுமாறுவது கண்டுபிடிக்கப்பட்டது. கருவில் பட்டினி கண்ட உடம்பு, கிடைத்ததையெல்லாம் சேமிக்கப் பழகிவிடுகிறது. 2009இன் முதல் மாதங்களில், யுத்தத்துக்கு நடுவில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற கர்ப்பிணிகள் பெற்ற பிள்ளைகளுக்கு இப்போது பதினாறு வயது தாண்டுகிறது. அவர்கள் இன்று பணிஸும் சோடாவும் கிடைக்கும் ஊரில் வளருகிறார்கள்.

வன்னியில் உள்ளுறுப்பு என்றதும் வரும் பயம் கிட்னியைப் பற்றியது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் கமக்காரரைத் தேடித் தேடித் தாக்கியதில் அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. கிணற்றுத் தண்ணீரைக் குற்றம் சொல்லலாம், வடிகட்டி வாங்கி வைக்கலாம். ஈரலுக்கு அப்படிக் குற்றம் சொல்ல வெளியாள் இல்லை. வேண்டுமானால் குடிகாரனுடைய வருத்தம் என்று ஒதுக்கிவிடலாம். அந்த ஒதுக்கலில் வருத்தம் வந்தவர் வாய் திறக்க வெட்கப்படுகிறார். 1980இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் யூர்கன் லூட்விக் என்ற நோயியலாளர், குடிக்காத 20 பேரின் ஈரலில் குடிகாரரின் ஈரலில் காணும் அதே கோலத்தைக் கண்டு, பெயரில்லாத நோய் இது என்று எழுதினார். அவர் வைத்த பெயரிலும் 'குடியால் வராத' என்று குடி ஒட்டிக்கொண்டது. 2023இல்தான் உலக அமைப்புகள் கூடி அந்தச் சொல்லைக் கழற்றி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறால் வரும் கொழுப்பு ஈரல் என்று பெயரை மாற்றின. பெரியப்பாவின் முதல் கேள்விக்கு நாற்பத்து மூன்று வருடம் கழித்து வந்த பதில்.

நாலு எண்கள்

கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஃபைப்ரோஸ்கான் இருக்கிறது. 'ஃபுல் பொடி செக்கப்' பொதிக்குள் அதையும் வைத்து விற்பவர்கள் உண்டு. இருபத்தைந்து வயது சுகதேகி அதைச் செய்து, மெத்தென்ற ஈரல் என்று றிப்போட் வாங்கிப் போவதில் யாருக்கும் நன்மையில்லை. பன்னிரண்டு வருடமாகச் சலரோகக் கிளினிக்குக்குப் போகும் உருத்திரபுரத்துக்காரரும் வட்டக்கச்சிக்காரரும்தான் அதில் படுக்க வேண்டியவர்கள். கிளினிக்குக்கு வரும் எல்லாரையும் ஏ9 வீதியால் ஏற்றி இறக்கவும் ஏலாது. யாரை அனுப்புவது?

அதற்கு மெசின் தேவையில்லை. கைத்தொலைபேசியில் இருக்கும் கல்குலேற்றர் போதும். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு. 2006இல் எச்.ஐ.வி.யும் ஹெபரைற்றிஸ் சியும் சேர்ந்திருந்த நோயாளிகளுக்காக உருவாகி, பிறகு கொழுப்பு ஈரலுக்கும் பொருந்துமென்று கண்டது. வயதை எஸ்.ஜி.ஓ.ரி. எண்ணால் பெருக்க வேண்டும். எஸ்.ஜி.பி.ரி. எண்ணின் வர்க்கமூலத்தைப் பிளேற்லெற் எண்ணால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் பிரிக்க வேண்டும். 1.3க்குக் கீழே வந்தால் இப்போதைக்குப் பயமில்லை. 2.67க்கு மேலே வந்தால் விடக்கூடாது. இடையில் வந்தால் ஃபைப்ரோஸ்கான்.

பிளேற்லெற் ஏன் இதற்குள் வருகிறது? ஈரல் இறுகினால் இரத்தம் பின்வாங்கி மண்ணீரல் வீங்கும் என்று மேலே சொன்னேன். வீங்கிய மண்ணீரல் பிளேற்லெற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளேற்லெற் என்ற சொல்லை இலங்கையில் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2017இல் 186,000 பேரைப் படுக்கையில் போட்ட டெங்கு அதைக் குசினிவரை கொண்டுவந்துவிட்டது. டெங்கு நேரத்தில் மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள், எஸ்.ஜி.ஓ.ரி. ஏறி பிளேற்லெற் இறங்கி, விடை ஆளைப் பயமுறுத்தும். முப்பத்தைந்து வயதுக்குக் கீழே கணக்கு நம்பகமில்லை. அறுபத்தைந்தைத் தாண்டியவருக்குக் கீழெல்லையை 1.3இல் இருந்து 2க்கு உயர்த்திக்கொள்ள வேண்டும்.

இதன் பலம் எங்கே என்று ஒரு உதாரணத்தில் பாருங்கள். வயது 58. எஸ்.ஜி.ஓ.ரி. 45. எஸ்.ஜி.பி.ரி. 36. பிளேற்லெற் 150. றிப்போட்டில் ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுகூடத் திடுக்கிட வைக்காது. ஒன்று எல்லையைச் சற்றுத் தாண்டியிருக்கிறது, இன்னொன்று எல்லையில் நிற்கிறது. நாலையும் சேர்த்தால் 2.9.

இந்தியா 2021 பெப்ரவரியில் கொழுப்பு ஈரலைத் தன் தேசியத் தொற்றா நோய்த் திட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டது. எங்களுடைய கிளினிக்குகளில் பிரசரும் சீனியும் ஒவ்வொரு முறையும் கொப்பியில் ஏறுகின்றன. அதே கொப்பியில் வருடத்துக்கு ஒருமுறை இந்த ஒரு எண்ணையும் எழுதினால் போதும் என்பது என் வாதம். முதலில் மெசின் வாங்கித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பத்து வருடம் போய்விடும். புலம்பெயர்ந்தவர்கள் அன்பளிப்புச் செய்த மெசின்கள் உதிரிப்பாகம் இல்லாமல் துணி மூடிக் கிடப்பதை இந்த நாட்டில் கண்டிருக்கிறோம்.

கண்டுபிடித்து என்ன பயன் என்ற கேள்விக்கும் பதில் உண்டு. எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே ஈரலில் கொழுப்புக் கரையும். ஏழில் இருந்து பத்துவரை குறைத்தால் அழற்சி அடங்கும். கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வீதமும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் பாதியை ஒட்டிய பேருக்குத் தழும்பே பின்வாங்கியிருந்தது. எழுபது கிலோ ஆளுக்கு ஏழு கிலோ, சொல்ல லேசு. மருந்தும் வந்திருக்கிறது: அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெற்றிறோம், 2025 ஓகஸ்ற்றில் செமாகுளூரைட். அவற்றின் விலைக்கு ஒரு போகத்து நெல்லை விற்க வேண்டிவரும் என்பதால் இங்கே அதற்கு மேல் எழுதவில்லை. கோப்பி குடிப்பவரின் ஈரலில் தழும்பு குறைவு என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். சீனி போடாத கோப்பி. கீழ்க்காய்நெல்லியைப் பற்றிக் கேட்பீர்கள். 1988இல் சென்னையில் தியாகராஜனின் குழு அதை ஹெபரைற்றிஸ் பிக்குக் கொடுத்துப் பார்த்து லான்செற் இதழில் எழுதியது. பின்வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அதுவும் கிருமிக்கான பரிசோதனைதான், கொழுப்புக்கானதல்ல.

அன்றைக்குத் தேத்தண்ணிக் கடையில் உரத்துண்டின் பின்பக்கத்தில் பெரியப்பாவின் கணக்கைப் போட்டேன். வயது 63, எஸ்.ஜி.ஓ.ரி. 34, எஸ்.ஜி.பி.ரி. 36, பிளேற்லெற் 210. விடை 1.7. இடைப்பட்ட எண். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். வழியில் நிறுத்திய கடையில் எல்லாரும் இறங்கிச் சாப்பிட, அவர் பஸ்ஸுக்குள்ளேயே இருந்தார். வெறும் வயிறென்றால் வெறும் வயிறுதான் என்று தண்ணீரும் வாயில் வைக்கவில்லை. மல்லாந்து படுத்து, கையைத் தலைக்குப் பின்னால் வைத்து, பத்துத் தட்டல். ஐந்து நிமிடம் பிடிக்கவில்லை. 6.8.

"பெரிசாத் தழும்பு ஒண்டுமில்லை ஐயா. கொழுப்புக் கிடக்கு. வண்டியைக் குறையுங்கோ" என்றார் டொக்டர். பெரியப்பாவுக்கு அவ்வளவு தூரம் வந்ததற்கு இது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சிறுபோகத்துக்கு வாய்க்கால் திறந்த பிறகு ஒரு பின்னேரம் மறுபடி சந்திக் கடைக்குப் போனேன். பெரியப்பா தன் 6.8ஐ ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். இரண்டு மூன்று பேர் கிளினிக் கொப்பியோடு வந்து காத்திருந்தார்கள். ஒருவருக்கு 0.9. இன்னொருவருக்கு 1.1. மூன்றாவது ஆள் உழவு மெசின் ஓட்டுகிறவர், வயது 49, மெலிந்த தேகம், முப்பத்தெட்டில் இருந்து சலரோகம். தன் ஸ்கான் துண்டை முதலில் எடுத்துக் காட்டினார்.

"எனக்குக் கிரேட் 1 தான் அண்ணை. உங்களிலும் பாக்கக் குறைவு" என்று பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

எஸ்.ஜி.ஓ.ரி. 72. எஸ்.ஜி.பி.ரி. 64. பிளேற்லெற் 121. கணக்கைப் போட்டேன். பிழை விட்டேனோ என்று இரண்டாம் தரமும் போட்டேன். 3.6.

"என்ன தம்பி, சொல்லுங்கோவன்."

சொன்னேன். எங்கே போக வேண்டும், யாரைக் காண வேண்டும் என்று துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாசித்தார், மடித்துச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தார், மிச்சத் தேத்தண்ணியை ஒரே இழுப்பில் குடித்தார். அடுத்த கிழமை பாப்போம் என்றார். இன்றைக்கு இரவு வாய்க்கால் தண்ணி அவருடைய முறையாம், விட்டால் இனி எட்டு நாள். மண்வெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார்.